கடலைப் பார்த்த குழாய்

பெரியப்பாவை நினைத்தாலே அந்தக் குழாய் ஒலிபெருக்கிதான் என் கண்முன் வந்து நிற்கிறது. வெளியே சாம்பல் பெயின்ட், உள்ளே துரு. உலகப்போருக்கு முந்தைய காலத்துச் சரக்கு. யார் எந்தக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் என்ற கடலோர ஊரில், மாதா கோயிலுக்கு அப்படி இரண்டு இருந்தன. ஒன்று வீடுகளைப் பார்த்திருந்தது, மற்றது கடலைப் பார்த்திருந்தது. பெரியப்பாவுக்குச் சாத்தம் மர ஆலையில் மரம் அறுக்கும் வேலை என்றாலும் ஊருக்கு அவர் மைக்செட்டுக்காரர்தான். மைக்கைத் தொடுமுன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். குரலோடு சட்டையும் குழாய் வழியாகத் தெரியுமோ என்று அப்பா கேலி செய்வார். அப்பா அவருடைய ஒரே தம்பி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருவரும் ஒன்றாகக் கப்பலேறி வந்தவர்கள். அண்ணன் மரத்துக்குப் போனார், தம்பி மீனுக்குப் போனார்.

ஒரு காலையில் காற்று மாறப்போகிறது, படகுகளைத் திருப்புங்கள் என்று ஃபெர்ரிக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள். படகுகள் அப்போதுதான் கிளம்பியிருந்தன. பெரியப்பா ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார். பொத்தான் போடக்கூட நேரமில்லை. "தம்பி, கரைக்கு வா! எல்லாரும் கரைக்கு வாங்க!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். வீட்டுப் பக்கத்துக் குழாய் கணீரென்று கேட்டது. அதனால் இரண்டும் பேசுகின்றன என்று நம்பிவிட்டார். கடல் பக்கத்துக் குழாய் ஊமையாக இருந்தது. வயரை வெறுமனே முறுக்கி, சைக்கிள் டியூப்பைச் சுற்றிவைத்த பழைய இணைப்பு அது. உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, உள்ளுக்குள்ளேயே அற்றுப்போயிருந்தது. பின்னால் போன படகுகள் வானத்தைப் பார்த்துத் தாமாகவே திரும்பிவிட்டன. முன்னால் போயிருந்த அப்பாவின் படகு மட்டும் வரவில்லை.

தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு வந்த பிறகு பெரியப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். களிம்பேறிய வயரை, உள்ளே செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டினார். முனைகளில் செம்பு வளையம் வைத்து ஈயம் பற்றவைத்தார். குழாயின் பின்னாலிருந்த துருப்பிடித்த சின்னத் திருகுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கப்பல் பட்டறையில் கேட்டு வாங்கிய தடித்த பித்தளைத் திருகுகளைப் பொருத்தினார். மேலே கிரீஸ் தடவி, மழை படாமல் தகரத்தில் ஒரு மூடியும் வெட்டிப்போட்டார். பிள்ளைக்குக் குல்லாய் வைப்பதுபோல அதை மெதுவாக அழுத்திவைத்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு இறங்கிவந்து மைக்கைச் சோதித்தார். எல்லோரும் ஹலோ, ஹலோ என்பார்கள். அவர் சொன்னது, "தம்பி, கரைக்கு வா."

கரையிலிருந்த இளவட்டங்களில் பாதிப்பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். குழாய்க்குக் கீழே தேநீர்க்கடை வைத்திருந்த வங்காளக்காரர், "டீக் ஹை பாய், ஆவாஜ் ஸாஃப் ஹை" என்று, சத்தம் தெளிவாக இருக்கிறதென்று இந்தியில் சொல்லிக் கையசைத்தார்.

"இன்னும் தூரம் போவணும் தாதா" என்று, வங்காளிகள் அண்ணனை அழைக்கும் சொல்லால் சொன்னார் பெரியப்பா.

அடுத்த நாள் சாயங்காலமும் சோதித்தார். அதற்கடுத்த நாளும். இணைப்புகளைத் துடைப்பார், திருகை முறுக்கிப் பார்ப்பார், மைக்கில் தம்பியைக் கூப்பிடுவார். பழுதே இல்லாத ஒன்றைத் தினமும் பழுதுபார்க்கிறார் என்று ஊருக்குப் புரிந்தது, ஆனால் அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்? நான் சின்னப் பெண். குழாய் கூப்பிட்டதும் ஒவ்வொரு நாளும் கரைக்கு ஓடுவேன். அவ்வளவு தெளிவாகக் கூப்பிட்டால் அப்பாவுக்குக் கேட்காமலா இருக்கும்? இருட்டும்வரை நின்றுவிட்டு வருவேன். அம்மா என் காலிலிருந்த மணலைக் கழுவிவிடுவாள்.

இறந்தவருக்கான பூசையை எப்போது வைக்கலாம் என்று பங்குச் சாமியார் இரண்டு முறை ஆளனுப்பிக் கேட்டுவிட்டார். அம்மாவால் நாள் சொல்ல முடியவில்லை. சாயங்காலமானால் உயிரோடு கூப்பிடப்படுகிற ஒருவருக்கு எந்த மனைவி பூசை வைப்பாள்? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பெரியப்பா முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், உங்க மேல கோவம் இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன். இருக்கு. ஆனா இந்தப் புள்ள தெனமும் கரையில போய் நிக்குது. அவுக செத்துட்டாகன்னு நீங்களே மைக்குல சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இது நம்பும். நானும் நம்புவேன்."

பெரியப்பா எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மைக்குக்குப் போனார். தம்பியின் முழுப்பெயரைச் சொன்னார். கடலில் இறந்துபோனான் என்றார். நாளைக் காலையில் அவன் ஆத்துமத்துக்காகப் பூசை, எல்லாரும் வாங்க என்றார். ஒரு சொல்கூட அறுபடவில்லை. பித்தளைத் திருகும் செம்பு வளையமும் அத்தனையையும் சிந்தாமல் கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. அன்று எனக்கு அவற்றின்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

பூசை முடிந்த அன்று சாயங்காலம் குழாய் கூப்பிடவில்லை. அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். உலையை இறக்கிவைத்தாள், மறுபடி ஏற்றினாள். பிறகு விறுவிறுவென்று கோயிலுக்குப் போனாள், நானும் பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா மைக்குக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குக் கூப்புடலையா அத்தான்?"

பெரியப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எழுந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, மைக்கை அவள் பக்கம் திருப்பிவைத்து வெளியே போய்விட்டார். அம்மா அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. கணவன் பெயரையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் மூச்சு விடுவது இரண்டு குழாய்களிலும் கேட்டது. அப்புறம் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற அதே குரலில், ஒரே ஒரு தடவை, "ஏங்க" என்றாள். கடல் பக்கம் பார்த்துக் காத்திருந்தாள். பிறகு தானே சுவிட்சை அணைத்தாள்.

இப்போது அதே தீவில், கராச்சர்மா என்ற ஊரில், எனக்கும் வீடு, கணவர், பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். திமிர் பிடித்தவள் என்று மாமியார் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கணவர் பக்கத்து அறையில்தான் இருப்பார், ஆனாலும் 'ஏங்க' என்ற அம்மாவின் அந்த ஒரு சொல்லால் கூப்பிட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. கூப்பிட்டு, பதில் வராமல் போய்விட்டால்?