இருபத்தைந்தாவது அங்கி

“நம்பாத ஒருத்தனத் தண்ணில முக்கி எடுத்தா, நனையறதத் தவிர அவனுக்கு வேற என்னக்கா நடக்கும்?”

ஹரிசங்கர் இதைக் கேட்டபோது, நானும் அந்த ஞானஸ்நான வகுப்பில் இருந்தேன். வகுப்பு நடத்திய நல்லமுத்து அக்கா, மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு, “தெரியலடா தம்பி. யோசிப்போம்,” என்றார்.

கெலுகோர் வட்டாரத்தில், பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிகளின் கீழே நல்லமுத்து டோபிக் கடை வைத்திருக்கிறார். ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே தடவைதான்; அதை எடுக்க விரும்புகிறவர்களைச் சபை அவரிடம்தான் அனுப்பும். வியாழக்கிழமை மாலையில், சலவை இயந்திரங்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே வேதாகமத்தைத் திறப்பார். வசனம் ஒப்பிக்கச் சொல்லமாட்டார். “இந்த வாரம் யார் மேல கோவப்பட்ட? அப்புறம் என்ன பண்ண?” என்றுதான் ஆரம்பிப்பார். சிலர் சில மாதங்களில் தயாரானார்கள். ஒருவர் இரண்டு வருடம் வந்தார்.

நல்லமுத்துவே அந்தக் காலத்தில் நாள் கடத்தியவர். தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தபோது தண்ணீரில் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய்த் தங்கை வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் இறங்கினார். அதனால் யாரையும் அவசரப்படுத்தத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார்.

ஹரிசங்கர் இந்துக் குடும்பத்துப் பையன். அவன் தயங்கியதற்குக் காரணம் அவன் அம்மா யோகம்மா. “எனக்கே உறுதியா தெரியாதத அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றது?” என்பான். நல்லமுத்துவுக்கு அது நியாயமாகவே பட்டது.

அந்த வருடம் சபைக்கு இருபத்தைந்து வயது. ஆண்டு விழாவுக்குப் பெரிய பேனர் அடித்தார்கள்: ‘25 ஆண்டுகள், 25 ஆத்துமாக்கள்’. அந்த ஆத்துமாக்கள் யார் என்று தெரிவதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது. கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்லி வைப்பது போல மனிதர்களைச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சபைச் செயலாளர் நாகநாதன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் விரைவு வகுப்பு நடத்தினார். பிரியாணி போட்டார்கள். ஃபுட்சால் விளையாட வந்த பையன்கள் பலர் பெயர் கொடுத்தார்கள். மறுவாரம், சூலியா தெருவில் தைத்து வாங்கிய வெள்ளை அங்கிகளை இஸ்திரி போடச் சொல்லி நல்லமுத்துவின் கடைக்கு அவரே கொண்டுவந்தார்.

“இருபத்தஞ்சு அங்கி இருக்கு. ஆள் இருபத்துநாலுதான். உங்க வகுப்புல ஹரின்னு ஒரு பையன் இருக்கான்ல, அவனச் சேத்துட்டேன்.”

“அவன் இன்னும் சரின்னு சொல்லலயே, அண்ணே.”

“அதெல்லாம் தண்ணில இறங்கினா தானா வரும் லா. நீங்க சும்மா ஓகே சொல்லுங்க.”

“அவங்க அம்மாவுக்கே தெரியாது.”

“அப்புறம் சொல்லிக்கலாம்.”

“எப்போ? போட்டோ ஃபேஸ்புக்ல வந்த பிறகா?”

நாகநாதன் சிரித்தார். “அலாமாக், நீங்க வேற! சரி, அவன் வேணாம்னா நீங்களே ஒரு தடவ இறங்கிடுங்க. தூரத்துலேர்ந்து எடுக்கற போட்டோ. யாருக்குத் தெரியப் போகுது?”

நல்லமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “துணியத்தான் நான் ரெண்டு தடவ அலசுவேன், அண்ணே,” என்றார்.

அன்றே பாஸ்டரைப் பார்க்கப் போனார்.

“கேஎல் தலைமையகத்துலேர்ந்து தலைவருங்க வராங்க, சிஸ்டர். சபை வளருதுன்னு நாம காட்டணும்ல?”

“ஹரி வந்த புதுசுல அவங்க அப்பா பேரச் சொன்னாலே எழுந்து போயிடுவான், பாஸ்டர். இப்போ அவருக்காக ஜெபம் பண்றான். அது வளர்ச்சி இல்லையா?”

பாஸ்டர் நிஜமாகவே யோசித்தார். பிறகு கேட்டார்: “அத எப்படி சிஸ்டர் ரிப்போர்ட்ல எழுதறது?”

கடைசியில் ஹரியை விட்டுவிடுவதாகவும், வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகவும் சொன்னார். நல்லமுத்து நிம்மதியோடு வீடு திரும்பினார்.

என்ன ஏற்பாடு என்பது விழா நாளன்று தஞ்சோங் பூங்கா கடற்கரையில்தான் தெரிந்தது. வரிசையில் கடைசியாக அங்கி போட்டு நின்றவள் தர்ஷிகா, நாகநாதனின் மகள். முந்தைய வருடமே, நல்லமுத்துவின் வகுப்பில் படித்து, இதே கடலில் ஞானஸ்நானம் எடுத்தவள்.

தண்ணீரிலிருந்து வந்தவள் கேமராக்காரரைத் தாண்டி நேராக நல்லமுத்துவிடம் வந்தாள்.

“அக்கா, விசுவாசிக்கிறாயான்னு பாஸ்டர் கேட்டாரு. போன தடவ அழுதுகிட்டே ஆமான்னேன். இன்னிக்கு அப்பா பாத்துக்கிட்டிருந்தாரு, அதனால ஆமான்னேன். இப்போ போன தடவ சொன்னதும் பொய்யாயிடுச்சாக்கா?”

நல்லமுத்து துண்டை அவள் தோளில் சுற்றினார். “இல்லடா. அது உன்னோடது. அத யாரும் எடுத்துக்க முடியாது.”

மதியச் சாப்பாட்டின்போது பாஸ்டர் மைக்கைப் பிடித்து, “இன்று இருபத்தைந்து ஆத்துமாக்கள்!” என்றார். மண்டபம் கைதட்டியது. நல்லமுத்து எழுந்து நின்றார்.

“இருபத்துநாலு, பாஸ்டர்.”

கைதட்டல் நின்றது.

“உக்காருங்க லா, சாப்பாட்டு நேரத்துல!” என்றார் நாகநாதன்.

“பின்ன எப்போண்ணே சொல்றது? ஒரு பிள்ளையப் பொய் சொல்ல வெச்சில்ல எண்ணிக்கையச் சரி பண்ணியிருக்கீங்க! மத்தவங்கள்ல எத்தன பேருக்கு எதுக்கு இறங்கினோம்னு தெரியும்? அடுத்த வாரம் அவங்கள யாரு போய்ப் பாக்கப் போறா?”

யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள்.

சில நாட்களில் செய்தி வந்தது. வகுப்பை இனி நாகநாதன் நடத்துவார். சிஸ்டர் நல்லமுத்து ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். ஓய்வாம்! சபை மலரில் இருபத்தைந்து என்றே அச்சானது. அங்கி போட்ட பையன்களில் பலரை அதன்பின் நான் ஆராதனையில் பார்க்கவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டவர்களும் இல்லை.

செய்தி வந்த வாரமே வியாழக்கிழமை மாலை, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நல்லமுத்து கடைக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். ஹரிசங்கரும் தர்ஷிகாவும் வந்து நின்றார்கள்.

“அக்கா, அம்மாகிட்ட சொல்லிட்டேன்,” என்றான் ஹரி.

“என்னன்னு?”

“இன்னும் முடிவு பண்ணல, ஆனா வாரா வாரம் இங்க வரேன்னு. அப்புறம், ‘அந்த டோபிக்கார அம்மா உன்னக் கட்டாயப்படுத்துறாங்களா’ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். ‘அப்போ போ’ன்னுட்டாங்க.”

நல்லமுத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

இன்றும் அவர்கள் கூடுகிறார்கள். இப்போது அதற்கு வகுப்பு என்று பெயர் கிடையாது. ஹரிசங்கர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடுப்பானா என்று தெரியாது. ஆனால் வீட்டில் எதையும் மறைக்காமல் கிளம்பி வருகிறான். அதை எழுத எந்த அறிக்கையிலும் இடம் இல்லை.

அதனால்தான் நான் எழுதுகிறேன். உங்கள் சபையில் யாராவது தலைகளை எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தால், அவரிடம் நல்லமுத்து அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.