மச்சான் துடைத்த கோடுகள்

என் மனைவியின் தம்பி பெயர் டில்லி. அவனுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பார்ட்ஸ் செக் பண்ணும் வேலை. பார்ட்ஸில் கோடு தெரிந்தால் ரிஜெக்ட்.

இன்று நான் பொன்னேரி மார்க்கெட் போய் வருவதற்குள், என் மாடல் விமானத்தின் குட்டி இன்ஜினைக் கழற்றியிருக்கிறான். 1950-களில் செய்த இன்ஜின்.

"இன்னா மாமா, சிலிண்டர் உள்ள இவ்ளோ கோடு கீது? எமரி பேப்பர் போட்டுத் தேச்சிட்டேன். கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு பாரு."

அதெல்லாம் பிஸ்டன் ஓடி ஓடி விழுந்த தடம். ஓடின எந்த இன்ஜினிலும் இருக்கும். தேய்த்ததில் பிஸ்டனின் பிடிப்பே போய்விட்டது. இனி ஸ்டார்ட் ஆகாது, மாற்று சிலிண்டரும் கிடைக்காது.

புரொப்பல்லரை விரலால் தட்டினேன். கொஞ்சமும் தடையில்லாமல் மின்விசிறி மாதிரி சுற்றியது.

"எப்டி ஸ்மூத்தா சுத்துது!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

இப்போது என் பைக் இன்ஜினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஸ்பேனர்களை எங்கே ஒளிக்கலாம், சொல்லுங்கள்.