கடைக்கு வரச் சொல்லிப் போன கதை

அந்த மஞ்சள் காகிதத்தில் ஒரு பன்றி சிரித்துக்கொண்டு நிற்கும். தன் இறைச்சியில் செய்த சொசேஜ் இந்தக் கிழமை மலிவு என்று தானே அறிவித்துவிட்டு அப்படியொரு சிரிப்பு. வரைந்தவர் என் முதலாளியம்மா. அவருக்குப் பன்றியைத் தவிர வேறொன்றும் வரைய வராது. கோப்பி மலிவென்றாலும் பன்றி, றப்பர் சப்பாத்து மலிவென்றாலும் பன்றி. பள்ளிக்கூடத்துப் பழைய அச்சு மெசினில் அவரே கைபிடி சுற்றிப் பிரதி எடுப்பார். மை வாசம் இரண்டு நாள் விரலை விட்டுப் போகாது. அந்தக் காகிதம் ஒன்று இன்னமும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கும் போதெல்லாம் எனக்கும் சிரிப்பு வரும். அவ்வளவு பெரிய மடைத்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் டென்மார்க்குக்கு வந்து ஒன்பது மாதம். இக்காஸ்ட் என்ற சின்னப் பட்டணத்தில், தையல் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் அண்ணையுடன் ஒரே அறையில் இருந்தேன். மொழி வகுப்புக்காரர் என்னை வேலை பழகவென்று ஒரு கிராமத்துக் கடைக்கு மூன்று மாதம் அனுப்பினார்கள். சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். எதிர்க்காற்று அடித்தால் கணக்கே இல்லை. ஊரில் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், எங்கள் கடை. மிச்சமெல்லாம் வாற்கோதுமை வயலும் பன்றிக் கொட்டிலும்தான். மாவிலிருந்து முள்ளுக்கம்பி வரை கடையில் இருந்தது. கணவர் செத்த பிறகு முதலாளியம்மா தனியாளாக நின்று நடத்தினார். அந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கோ நாக்கு வளையவில்லை. தமிழிலேயே 'முதலாளியம்மா' என்றேன். அது என்ன என்று கேட்டார். கடைக்கு அம்மா என்று விளக்கினேன். அவருக்கு அது பிடித்துப்போனது. இனி இந்தக் கதையில் அவர் யாழ்ப்பாணத்துக்காரி மாதிரித்தான் கதைப்பார். பேசியது என்னவோ டெனிஷ்தான், ஆனால் என் காதுக்குள் அது இப்படித்தான் கிடக்கிறது.

அந்த வருடம் பட்டணத்தில் பெரியதொரு மலிவுக் கடை திறந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வயலும் பன்றியும் வைத்திருந்த கமக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய், பின்பெட்டி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எங்கள் கடைக்கு வருவது பட்டணத்தில் வாங்க மறந்த சாமானுக்கு மட்டும். ஒரு நெருப்புப் பெட்டி, ஒரு கட்டி ஈஸ்ட். வாங்கும்போது கொஞ்சம் வெட்கப்படுவார்கள், அதற்காகவே இரண்டு வார்த்தை காலநிலை பற்றிக் கதைப்பார்கள். முதலாளியம்மாவும் காலநிலை பற்றியே கதைத்து அனுப்பிவிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை, சாமான் அனுப்புகிற மொத்த வியாபாரக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. இந்தச் சின்ன வியாபாரத்துக்கு லொறி அனுப்பிக் கட்டுப்படியாகாது. வருகிற சனிக்கிழமை கம்பனி ஆள் ஒருவர் வந்து கடை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். அதன் பிறகு முடிவு. லொறி நின்றால் கடை நின்றது. முதலாளியம்மா எனக்கு விளங்கும்படி அதை இரண்டு தரம் மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டு, ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்றார். அவருக்கு அது மானப் பிரச்சினை. பிச்சை கேட்பது போல ஆகிவிடுமாம்.

அன்றைக்கே உட்கார்ந்து பன்றியை வரைந்தார். சனிக்கிழமை பத்து மணி, எல்லாம் மலிவு, கோப்பி இலவசம். புதன்கிழமை மத்தியானம் இருநூறு காகிதத்தை என் சைக்கிள் கூடைக்குள் வைத்து, றோட்டுக் கரையில் இருக்கிற தபால் பெட்டிகளுக்குள் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். ஒரு பின்னேரத்துக்குள் முடிந்துவிடும் என்றார். வேலை அவ்வளவுதான். ஒரு குரங்குக்குக் கூடப் பழக்கியிருக்கலாம்.

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டேன். கை உள்ளே போகவில்லை. எங்கள் ஊரில் அக்காவின் கலியாணத்துக்குச் சொல்ல நானும் ஐயாவும் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் ஆளில்லை. நேரமும் போய்விட்டது, அழைப்பிதழைப் படலைக் கதவில் செருகிவிட்டு வந்தோம். அந்த வீட்டுக்காரர் கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நல்லது கெட்டதுக்கும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "படலையில செருகிப்போட்டுப் போனவை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். ஒரு மனிசியின் கடையே போகப் போகிறது, நான் பெட்டிக்குள் காகிதத்தைத் தள்ளிவிட்டுப் போவதா? மூடியை மூடிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுக்குள் நடந்தேன்.

நாய் குரைத்தது. ஒரு பெண் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்காரரும் வரட்டும் என்று சைகை காட்டிக் காத்து நின்றேன். பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஆம்பிளைக்கு மரியாதை இல்லையே. அவர் பன்றிக் கொட்டிலிலிருந்து சப்பாத்தோடு வந்தார். இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டி, வழியெல்லாம் பாடமாக்கிய டெனிஷைச் சொன்னேன். சனிக்கிழமை, பத்து மணி, எங்கள் கடை. நீங்களும் வர வேண்டும், பிள்ளைகளும் வர வேண்டும், கட்டாயம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உள்ளே வரச் சொல்லிக் கோப்பி ஊற்றினார்கள். வீட்டு வாசலுக்கு வந்தவனைக் கோப்பி கொடுக்காமல் அனுப்ப அந்தச் சனத்துக்குத் தெரியாது. சொல்லப் போன வீட்டில் கொடுத்ததைக் குடிக்காமல் எழும்ப எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? புதன்கிழமைப் பின்னேரம் முழுவதற்கும் ஒன்பது வீடுதான் முடிந்தது.

ஆனால் என்ன சந்தோசமான மூன்று நாட்கள்! ஒன்பது மாதமாக அலுவலகங்களில் வரிசையில் நின்று, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, கையொப்பம் வைத்த பிறவி நான். இப்போது ஒவ்வொரு சமையலறையிலும் விருந்தாளி. எட்டு வகை பிஸ்கட் வைத்தார்கள். எங்கள் நாட்டில் பசு இருக்கிறதா, எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்டார்கள். நான் ஒரு ஆட்டின் பால் கணக்கைப் பசுவுக்குச் சொல்லிவிட, அந்த வீட்டுக் கிழவருக்கு எங்கள் நாட்டின் மீது பெரும் பரிதாபம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் கம்பளிக் கையுறை தந்து, திருப்பித் தரத் தேவையில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை கடைசி வீடு ஒரு பெரிய பன்றிப் பண்ணை. அதன் சொந்தக்காரர் ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். அவர் எங்கள் கடைப் பக்கம் வந்து ஒரு வருடமாகிறதாம். காகிதத்தை வாங்கிப் பார்த்து, பன்றியின் காது பிழை என்றார். பிறகு, சனிக்கிழமை அப்படி என்னதான் விசேசம் என்று கேட்டார். உண்மையைச் சொல்லக் கூடாது, பொய்யும் சொல்ல வராது. "அவவுக்கு அது பெரிய நாள்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு நிம்மதி. எத்தனை சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன்!

கடைக்குத் திரும்பி, கூடையில் மிஞ்சிய நூற்றைம்பதுக்கு மேற்பட்ட காகிதங்களை மேசையில் வைத்தேன். முதலாளியம்மா அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையில் இருந்துவிட்டார். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

"பெட்டிக்குள்ள போடச் சொன்னனான் எல்லே?"

"பெட்டிக்குள்ள போட்டா ஆக்கள் வரமாட்டினம்" என்றேன்.

அவர் எழும்பிப் போய் அடுத்த நாளுக்குக் கோப்பிக் கோப்பைகளை எண்ணி வைத்தார். அறைக்கு வந்து அண்ணையிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரே? கோப்பி குடிக்கவே உன்னை அனுப்பினவ?" என்று நான் சாப்பிட்டு முடிக்கும் வரை திட்டினார். அதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை காலை கம்பனி ஆள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, தோல் பை, ஒரு சின்னக் குறிப்புக் கொப்பி. காசு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிர் வீட்டில் யாரோ கொடியேற்றினார்கள். அந்த நாட்டில் பிறந்தநாள் போன்ற விசேசத்துக்குத்தான் வீட்டில் கொடியேற்றுவது. யாருக்குப் பிறந்தநாள் என்று முதலாளியம்மா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். பத்து அடித்ததும் கார்கள் வரத் தொடங்கின. ஒன்று, மூன்று, பிறகு தேவாலயச் சுவர் ஓரம் முழுக்கக் கார். ஆம்பிளைகள் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள். பெண்கள் சவக்காரம் மணக்க, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்தார்கள். நான் போகாத வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். ஊர் முழுக்கத் தொலைபேசியில் கதை பரவியிருக்கிறது. எல்லார் கையிலும் பூச்சாடி, கேக், போத்தல். ஒவ்வொருவராக முதலாளியம்மாவின் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். அவர் பூச்சாடிகளை வைக்க இடமில்லாமல் உருளைக்கிழங்குக்கு மேல் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு வாசலுக்கு வந்து, இரண்டு கையால் அழைத்து, பெரிய நாள் என்று வேறு சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலாளியம்மாவுக்கு அறுபது பிறக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒருத்தரும் ஒன்றும் வாங்கவில்லை. விசேச வீட்டுக்குப் போய் யாராவது சாமான் விலை கேட்பார்களா? கோப்பி குடித்தார்கள், கேக் தின்றார்கள், மாவுப் பைகளில் முட்டிவிடாமல் பண்பாக ஒதுங்கி நின்றார்கள். கடை நிறையச் சனம், காசு மேசை சும்மா கிடந்தது. கம்பனி ஆள் கொப்பியைத் திறந்து எதையோ எழுதி மூடினார். சனத்தைக் கூட்டி வந்தவனும் நான், அவர்களை வாங்க விடாமல் கட்டிப் போட்டவனும் நான். பின்கதவால் ஓடி இக்காஸ்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பன்றிப் பண்ணைக்காரர் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, தொண்டையைச் செருமி, வாழ்த்துரை வாசிக்கத் தொடங்கினார். அறுபது வருடம் என்று அவர் சொன்னதும் முதலாளியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். கழுத்து வரை சிவந்து போயிருந்தார்.

"எனக்கு இண்டைக்குப் பிறந்தநாள் இல்லை. அறுபதும் இல்லை, அம்பத்தாறு. இந்தக் கடை மூடப் போகுது. அதுக்குத்தான் உந்தக் காகிதம் அடிச்சனான். பூவை எல்லாம் திருப்பிக் கொண்டு போங்கோ."

கமக்காரர் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். பட்டணத்து மலிவுக் கடையின் பை யார் யார் காரில் கிடக்கிறதென்று அவரவருக்குத் தெரியும். மூன்று நாள் அவர்கள் வீட்டுப் பிஸ்கட்டைத் தின்ற எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க அந்தரமாக இருந்தது. பண்ணைக்காரர் வாழ்த்துரையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். சுற்று முற்றும் பார்த்தார்.

"அப்ப, கூடை எங்க கிடக்கு?"

எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, அவருக்குப் பின்னால் முதல் நாள் கோப்பி ஊற்றிய பெண், பிறகு ஊரே. ஐந்து நிமிடத்தில் கூடைகள் முடிந்து, வெறும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டியபடியே முள்ளுக்கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் போனார். சீனி முடிந்தது, கோப்பி முடிந்தது, சொசேஜ் போன இடம் தெரியவில்லை. வரிசை வாசலைத் தாண்டியபோது கம்பனி ஆளும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பைகளில் சாமான் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து முதலாளியம்மா சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை, கண்ணீர் வழிய வழியக் காசு எண்ணினார்.

கடை பூட்டுகிற நேரம் கம்பனி ஆள் எந்தப் பத்திரிகையில் விளம்பரம் போட்டீர்கள் என்று கேட்டார். முதலாளியம்மா, ஒரு மூலையில் மிஞ்சிய கேக்கைத் தின்றுகொண்டிருந்த என்னைக் கையால் காட்டினார். கம்பனி ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். முடிவு சொல்கிற அதிகாரம் தனக்கில்லை, அலுவலகத்தில் சொல்லிப் பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை லொறி வந்தால் வந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது என் வீட்டுத் தபால் பெட்டியில் 'விளம்பரம் வேண்டாம்' என்று ஒட்டியிருக்கிறது. மகள் ஒட்டியது. மலிவு விற்பனையெல்லாம் தொலைபேசிக்குள் வந்து விழுகிறது. என் பெயரைக் கூடச் சரியாகச் சொல்லி அழைக்கிறது. நான் ஒரு தரமும் எழும்பிப் போனதில்லை. என்னைக் கூப்பிடுவது யார் என்று தெரியாமல் எப்படிப் போவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியவே கடைக்குப் போனேன். முதலாளியம்மா முற்றத்தில் நின்றார், கையில் சாமான் பட்டியல். கண் அதில் இல்லை. வழக்கமாக லொறி வருகிற நேரம் கடந்தது. பால் வண்டி ஒன்று போனது, ஒரு உழவு இயந்திரம் போனது. காற்று நல்லாய் இருக்கிறது என்றார். ஓம், நல்லாய் இருக்கிறது என்றேன். தேவாலய வளைவில் பெரிய எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பாமலே என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தார். லொறி திரும்பி, முற்றத்துக்குள் பின்பக்கமாக வந்து, நின்றது. சாரதி குதித்துக் கதவைத் திறந்தார். முதலாளியம்மா அப்போதும் பிடியை விடவில்லை. முதல் பெட்டியை நான் ஒற்றைக் கையால்தான் இறக்கினேன்.