கை தொடாமல் நகர்ந்த வண்டி

பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில் ஸ்கூட்டர் திருத்தும் ஞானரட்ணத்துக்கு வாயைவிடக் காதுதான் பெரிது என்பார்கள். வண்டியை முடுக்கிவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சரித்து ஒரு நிமிடம் கேட்பார். பிறகு இன்னதுதான் நோய் என்பார். மன்னாரிலிருந்து வந்த புதிதில் ஒரு பிரெஞ்சுக்காரனின் கராஜில் நிலம் கூட்டியவர். இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாப்பாடு கொண்டு ஓடுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம்தான் வருகிறார்கள். அந்த நல்ல பெயருக்குத் தான் எவ்வளவு அடிமை என்பது அவருக்கே தெரியாமல் இருந்தது. ஒரு கல்யாணம் அதைத் தெரிய வைத்தது.

அவருக்குப் பழக்கமான சிவமணி அக்காவின் மகள் பிரியதர்சினிக்கு வாய்த்த மாப்பிள்ளை தனோஜன், மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். பெண்ணை மண்டபத்துக்குள் சும்மா நடத்திக் கூட்டிவந்தால் நம் சனத்துக்குப் போதாதே! குதிரை வண்டி பார்த்து அலுத்துவிட்டது. அதனால் தனோஜன் தன் முதலாளியின் பழைய மோட்டோநேஜை, அதாவது பனியில் சறுக்கி ஓடும் வண்டியை, ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பினான். நகருக்கு வெளியே வில்லியே லே பெல் மண்டப வாசலில் வெள்ளைக் கம்பளம் விரித்து, பெண்ணை அதில் ஏற்றி வருவதாக ஏற்பாடு. ஓட்டப்போவது அவள் அண்ணன் கரிகாலன்.

கரிகாலன் லூயி-பிளாங் தெருக் கடையொன்றில் கொத்துரொட்டி போடுகிறவன். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தான், விட்டு மூன்று வருடமாகிறது. அந்த வண்டியை அவன் கையில் கொடுத்ததே, வீடு அவனை மறுபடி நம்புகிறது என்று நாலு பேருக்குக் காட்டத்தான்.

வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. ஓடும்போது சரியாக ஓடும். நிறுத்தி வைத்தால் எஞ்சின் ஓட்டம் ஏறும், இறங்கும், கடைசியில் இருமிவிட்டு நின்றுவிடும். ஞானரட்ணம் பழைய பெற்றோலை வடித்தார், பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் காற்றடித்துத் துப்புரவாக்கினார். மசியவில்லை. வியாழக்கிழமை சிவமணி போன் எடுத்தபோது பக்கத்தில் இரண்டு வாடிக்கைக்காரர் நின்றார்கள்.

"தம்பி, வண்டி சரிவந்ததோ?"

"ஓம் அக்கா, எல்லாம் முடிஞ்சுது."

முடியவில்லை. மறுநாள்தான் கண்டுபிடித்தார். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டரைச் சுற்றி ஸ்பிறே அடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் ஓட்டம் சட்டென்று மாறியது. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வெடித்து, அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. புது ரப்பர் செவ்வாய்க்கிழமைதான் வரும், கல்யாணமோ ஞாயிறு. போன் எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் திருப்புளியை எடுத்து, ஓட்டத்தைக் கூட்டும் திருகாணியை ஒன்றரைச் சுற்று முறுக்கினார். வண்டி நிற்காமல் ஓடியது. வேறு யாராவது இப்படிச் செய்தால் கள்ள வேலை என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர்தான் இவர்.

எஞ்சின் சூடேறினால் ஓட்டம் இன்னும் கூடும், தானாகவே நகரப் பார்க்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பிறேக்கில் கையை வைத்துக்கொள் என்று கரிகாலனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பானே! ஐந்து நிமிட விஷயம்தானே என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் படம் பிடிக்கிறவன் அதைக் கால்மணி நேரமாக்கினான். கடைசியில், "ரெண்டு பேரும் கையைத் தூக்குங்கோ!" என்றான். அண்ணனும் தங்கையும் சிரித்தபடி கைகளைத் தூக்கினார்கள். வண்டி நகர்ந்தது. கரிகாலன் பதறி அதை நிறுத்துவதற்குள் வாசல் மேசை சரிந்து, நிறைகுடம் உருண்டு, குத்துவிளக்கு அணைந்துபோனது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் நிறைகுடம் விழுந்துவிட்டதே! பெண் அழத் தொடங்கினாள். "திரும்பக் குடிச்சிட்டான்" என்று யாரோ சொன்னது, தாலி கட்டுவதற்குள் மண்டபம் முழுக்கப் போய்விட்டது.

ஞானரட்ணம் பந்தியில் இருந்தார். பக்கத்து இலைக்காரர், "உம்மடை வேலையிலை பிழை சொல்லேலாது. அந்தக் குடிகாரன்தான் பாழாக்கிப்போட்டான்" என்றார். ஞானரட்ணத்துக்கு முகம் கொதித்தது. பாதி இலையோடு எழுந்து வெளியே போனார்.

கரிகாலன் வண்டிக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியோடு வாசற்படியில் குந்தியிருந்தான்.

"அண்ணை, ஒருக்கா என்ரை வாயை மணந்து பாருங்கோ. அம்மா கூடக் கிட்ட வரேல்லை."

ஞானரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ரப்பர், திருகாணி, வியாழக்கிழமைப் பொய். கரிகாலன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன், "அதை உள்ளுக்குப் போய்ச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னான்.

போய்ச் சொன்னார். சிவமணி கேட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனைக் காப்பாத்தப் பழியை நீங்கள் ஏற்கிறியள். உங்களுக்குப் பெரிய மனசு, தம்பி." சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். கரிகாலன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஞானரட்ணத்துக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தன் நல்ல பெயர் அவன் கழுத்தை நெரிப்பதைக் கண்ணால் கண்டார்.

"எல்லாரும் வெளியாலை வாங்கோ" என்றார்.

சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு சனம் முணுமுணுத்தபடி வந்தது. வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவேண்டாம் என்று விலக்கிவிட்டு, தானே ஏறி முடுக்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். வண்டி நகரவில்லை. ஆறிப்போயிருந்த எஞ்சின் சூடேற வேண்டுமே. குளிரில், புகையில், அத்தனை பேர் பார்க்கக் கைகளைத் தூக்கியபடியே இருந்தார். யாரோ சிரித்தார்கள். "ஞானத்துக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்றது ஒரு குரல். தோள் கடுத்தது, வெட்கத்தில் கண் நிறைந்தது. கையை இறக்கவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். எஞ்சின் சத்தம் மெல்ல உயர்ந்தது. யாரும் தொடாத வண்டி கம்பளத்தில் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி தானாக ஊர்ந்தது.

சிரிப்பு நின்றது. சிவமணி அவரைப் பார்க்கவில்லை, திரும்பி மகனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அவனிடம் போனாள், அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ஞானரட்ணத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாயின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கரிகாலன் நடந்து வந்து எஞ்சினை நிறுத்தினான்.

"காணும் அண்ணை. கையை இறக்குங்கோ."