ஒருபக்கத் தாள்

அன்று நடந்தவை வரிசையாக:

1. அத்தை எங்கள் ஏழாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடம் எடுத்தாள். அவளுடைய பி.எட். படிப்பின் கடைசி மதிப்பீட்டு வகுப்பு அது.
2. மார்க் போட வேறொரு கல்லூரியிலிருந்து வந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
3. அத்தை ஒரு கேள்வி கேட்டாள். நான் கை தூக்கினேன்.
4. என் பதில் சரியாக இருந்தது.
5. அன்று மாலை வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

நான்கிலிருந்து ஐந்துக்கு எப்படி வந்தோம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எதையும் எண் போட்டு எழுதும் பழக்கம் இந்த வேலையால் வந்தது என்று கூட இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது அத்தையிடமிருந்து வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெங்களூர் ஜாதகம் ஒன்று பொருந்தி வந்தபோதும் அவள் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். "நீ வேலைக்குப் போறதுல அவாளுக்கு ஒரு விரோதமும் இல்லை. நான் கேட்டாச்சு" என்றார் அப்பா. அத்தை தலையசைத்தாள். மதிப்பீட்டு வகுப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

அவளுக்குக் கிடைத்த பாடம் ஆண்களும் பெண்களும் எப்படி வேறுபடுகிறார்கள் என்பது பற்றி இரண்டு பக்கம். பெண்கள் முகங்களை நினைவில் வைத்துக்கொள்வார்கள், ஆண்கள் வழிகளை நினைவில் வைத்துக்கொள்வார்கள், இப்படியே போகும். அதை வைத்து அவள் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான்கு படிகளைச் சார்ட்டில் எழுதியிருந்தாள். ஒன்று, ஓட்டமாகப் படிப்பது. இரண்டு, வேண்டியதைத் தேடிப் படிப்பது. மூன்று, எது செய்தி, எது எழுதியவரின் அபிப்பிராயம் என்று பிரிப்பது. நான்கு, எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது.

ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. நாற்பது பிள்ளைகளாகவும் நானே இருந்தேன். முன்பெஞ்சுக்காரியாக ஒழுங்காகப் பதில் சொல்வேன். ஜன்னலோரப் பையனாகக் கொட்டாவி விடுவேன். என்ன பதில் சொன்னாலும், அது தாளில் எங்கே இருக்கிறது என்று காட்டாமல் அத்தை விடமாட்டாள்.

"ஊகிச்சுப் பறையாதே. எத்தனாவது வரி?"

வீட்டில் கிடைக்கிற இங்கிலீஷையெல்லாம் இதே முறையில் படித்துப் பழகச் சொன்னாள். பால் கவர், கரண்ட் பில் எல்லாம் படித்தேன். இருமல் மருந்துப் புட்டியின் லேபிளை மட்டும் அம்மா முதலில் தான் முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

பிறகு என் ரஃப் நோட்டு. அப்பா ஆபீசிலிருந்து ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்களைக் கொண்டுவருவார். அம்மா அவற்றை வெள்ளைப்பக்கம் மேலே வரும்படி அடுக்கி, கோணி ஊசியால் தைத்துத் தருவாள். என் கணக்குகள் எல்லாம் அரசாங்கச் சுற்றறிக்கைகளின் முதுகில்தான் இருக்கும். அந்த வாரம் தைத்த நோட்டில் முதல் தாள் மட்டும் அச்சுப்பக்கம் மேலே இருந்தது. அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அது பெங்களூர் பையனின் அப்பா எங்கள் அப்பாவுக்கு அனுப்பிய இங்கிலீஷ் மின்னஞ்சலின் அச்சுப் பிரதி. படித்தேன், பிரித்தேன், பென்சிலால் குறித்தேன். பெரியவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது அப்போது என் எண்ணம்.

வகுப்பு நன்றாகவே போயிற்று. மூன்றாவது படியில், செய்தி போலத் தோன்றும் அபிப்பிராயம் ஒன்றை, பாடத்துக்கு வெளியே படித்ததிலிருந்து சொல்லுங்கள் என்று அத்தை கேட்டாள். பையன்கள் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து, ஆண்பிள்ளைகளுக்குக் கணக்கு வரும் என்று எங்கேயோ படித்தேன், என் மார்க்கைப் பார்த்தால் அது அபிப்பிராயம்தான் என்றான். கடைசி பெஞ்சில் இருந்தவரும் சிரித்தார். நான் எழுந்தேன்.

"நல்ல குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போகத் தேவையில்லை" என்றேன், இங்கிலீஷில், வார்த்தை பிசகாமல்.

"எத்தனாவது வரி?" அத்தை பழக்கத்தில் கேட்டாள்.

"பாடத்தில இல்லை, டீச்சர். பெங்களூர்லேர்ந்து அப்பாக்கு வந்த லெட்டர்ல. ரெண்டாவது பத்தி, முதல் வரி." அவள் அதைப் பலகையில் எழுதாததால் பதில் போதவில்லை என்று நினைத்து அடுத்த வரியையும் சொன்னேன். "நீங்கள் இதற்குச் சம்மதித்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. இது செய்தி, டீச்சர்."

அத்தை திரும்பி, கரும்பலகையில் ஒரு வரியை அபிப்பிராயத்தின் கீழும் மற்றதைச் செய்தியின் கீழும் எழுதினாள். எழுத்து கோணவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். நான்காவது படிக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று மாலை அப்பா ஆபீசிலிருந்து வந்தபோது அத்தை என் நோட்டோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அண்ணா, வேலை விஷயம் கேட்டாச்சுன்னு சொன்னியே. அது இதுல எத்தனாவது வரி?"

அப்பா தாளைப் பார்த்தார். செருப்பைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. "கல்யாணம் கழிஞ்சா எல்லாம் ஷரியாகும்னு நெனச்சேன்" என்றார்.

"யாருக்கு?"

"இது எப்படிக் கொழந்தை கையில போச்சு?" என்று அப்பா உள்ளே பார்த்துக் கேட்டார்.

"நான்தான் தெச்சேன்" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "ஆபீஸ் காயிதத்தோட கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்ன?"

அப்பா அதை ஒப்புக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன். என் தப்பு என்ன என்று தெரியாமலேயே அழுதேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நோட்டை வாங்கி, அந்த ஒரு தாளைத் தையல் பிரியாமல் மடித்து உள்ளே தள்ளினாள்.

நிச்சயதார்த்தம் நடக்கவில்லை.

அத்தை இப்போது நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறாள், தனியாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அப்பாவும் அவளும் விசேஷங்களில் சந்தித்தால் பேசிக்கொள்வார்கள். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. மொத்தம் அறுபத்திரண்டு தாள்கள். அறுபத்தொன்றில் வெள்ளைப்பக்கம் மேலே இருக்கிறது. அந்த ஒரு தாள் மட்டும் ஏன் திரும்பியது என்று அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.