வலைநூல் வைத்த பக்கம்

நம் வீட்டு அலமாரியில், உப்புக்காற்று பட்டு ஊதிப்போன ஒரு புத்தகம் இருக்கிறதல்லவா? அதன் நடுவே ஒரு துண்டு வலைநூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை உருவாதீர்கள் என்று நான் உங்களைத் திட்டுவது ஏனென்று எழுதிவிடுகிறேன், பிள்ளைகளே.

அது எங்கள் விசைப்படகின் டிரைவர் அண்ணனுடையது. பழைய ருஷ்ய எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையை, அவருக்குப் பின்வந்த நாவலாசிரியர் ஒருவர் எழுதியது. அதில் ஆள் முதல் பக்கத்திலேயே செத்துப்போவார். போகப்போக இளசாகி, கடைசியில்தான் பிறப்பாராம். வலை இழுபடும் நேரத்தில் ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் புத்தகமுமாக அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டு வருவார். "அப்ப நாமளும் மீன வித்துட்டு வந்து வலை போடுவமாண்ணே?" என்று கேலி செய்வோம். "போங்கலே. எங்கன தொடங்குனா என்ன, கரையில முடிஞ்சா போதும்" என்பார்.

வாடைக்காற்று அடித்த ஒரு விடியலில், படகின் முன்பக்கம் கயிறு கட்டப் போன அண்ணனை அலை அடித்துக்கொண்டு போனது. ஊர்ப் படகெல்லாம் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

மாதா கோயிலில் துக்கமணி அடிக்க அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, சம்மதிக்கவில்லை. கடலுக்குப் போனவர் கரைக்கு வராமல் எங்கள் ஊர் வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதில்லை. அந்த வழக்கப்படி மதினியும் சாப்பிடவில்லை. உதட்டை நனைக்கும் தண்ணீரோடு சரி. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று பயந்து, சொந்தக்காரர்கள் என்னைக் கூட்டிப் போனார்கள்.

"கடைசியாப் பாத்தது நீதான தம்பி. சொல்லு" என்றார் மதினி.

அலை அடித்ததைச் சொன்னேன். அவர் முகம் கல்லாகிவிட்டது. அங்கேயே நிறுத்தப் பயந்து பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். அதற்குமுன் குடித்த கடுங்காப்பி, போன திருவிழாவில் தேர் தூக்கியது, அவர்கள் கல்யாணத்தில் அண்ணன் போட்டிருந்த புதுச்சட்டை.

"சட்டை இல்ல. கோட்டு. இரவல் கோட்டு" என்றார் மதினி.

அதற்குப்பின் அவரே சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு நண்டு பிடித்த பையன். தவழ்ந்துபோய் மண் தின்ற பிள்ளை. ஒழுகிய கொட்டகையில் மாமியார் பெற்றெடுத்துப் பழைய சேலையில் சுற்றிய சிசு. சொல்லி முடித்தும் மடியில் எதையோ ஏந்தியதுபோல் கையை வைத்திருந்தார்.

"கரைக்கு வந்துட்டாரு தம்பி. மணியடிக்கச் சொல்லு."

அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தார். புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்.

இப்போது எனக்கு ஐஸ் கம்பெனியில் வேலை, கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் வாடை வீசும்போது அலமாரியில் அந்த வலைநூல் அசையும். அண்ணன் வாசித்து நிறுத்திய பக்கத்தில் அவரே வைத்த அடையாளம் அது. அதற்குமேல் நான் படித்ததில்லை. மதினிக்குக் கரையேறிய மனிதர், எனக்கு இன்னும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்.