துரும்புக்குச் சாட்சி

கல்யாண வீடுகளில் ஸ்ரீலட்சுமி முன்வரிசையில்தான் உட்காருவார். சாப்பாட்டுக்கு அவசரப்படமாட்டார். மூன்றாவது முடிச்சைப் போட்டது யார், அக்கினியைச் சுற்றினார்களா, மாலை மட்டும் மாற்றிக்கொண்டார்களா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். "டேய், லா காலேஜ் அத்தை வந்துட்டாங்க. ஒழுங்கா சுத்தி வா மாப்ள, இல்லாட்டி கல்யாணமே செல்லாதுன்னு எழுதிருவாங்க" என்று பழங்காநத்தத்துப் பையன்கள் மேடைக்கே கேட்கும்படி கத்துவார்கள்.

சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா ராமமூர்த்தி சாயப்பட்டறை வைத்திருந்தவர். மகள் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கோர்ட்டில் வாதாடுவாள் என்று அவர் காத்திருக்க, மகளோ கல்லூரியில் குடும்பச் சட்டம் நடத்தப் போய்விட்டார். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. "வண்டியே ஓட்டாதவங்க லைசென்ஸ் குடுக்கிறாங்கடா" என்று கடைசி பெஞ்சில் பேசுவது காதில் விழும். அவரும் சிரித்துக்கொள்வார்.

இரண்டு பேர் எந்த நொடியில் புருஷன் பெண்டாட்டி ஆகிறார்கள், எந்த நொடியில் இல்லாமல் போகிறார்கள்? இந்தக் கேள்வி மட்டும் அவரை விடவில்லை. பிரிவதற்குக் கோர்ட்டுக்குத்தான் வரவேண்டும் என்கிற சட்டம், பழைய வழக்கப்படி தீர்த்துக்கொண்டால் அதுவும் செல்லும் என்று ஒரு ஓரத்தில் ஜன்னல் விட்டிருந்தது. அதன் வழியாக எட்டிப் பார்க்கத்தான் வாடிப்பட்டிப் பக்கம் போனார்.

அங்கே சில விவசாயக் குடும்பங்களில் உறவுக்காரர்கள் கூடியிருக்க, புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. இருவரும் வேறு துணை தேடிக்கொள்ளலாம். இன்னும் இது நடக்கிறதா? கல்லூரி வேனில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மாணவர்களோடு ஊர் ஊராகக் கேட்டார். "அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சு டீச்சர்" என்றார்கள், போன இடமெல்லாம். வழக்கம் மறைந்துவிட்டது என்று கட்டுரை எழுதினார்.

சில வருஷம் கழித்து அந்த வரி அவரைத் தேடி வந்தது. பழைய மாணவர், வக்கீல் தங்கப்பாண்டி போன் செய்தார்.

"மேடம், உங்க கட்டுரைய வச்சே என் கட்சிக்காரம்மாவ அடிக்கிறாங்க."

கட்சிக்காரம்மா பெயர் ஜெயக்கொடி. முதல் புருஷன் நல்லகாமன் துரும்பு கிள்ளித் தீர்த்துவிட்ட பிறகு, சமயநல்லூர் சோலையைக் கட்டிக்கொண்டவர். சோலை இறந்ததும் அவருடைய அண்ணன், "உன் முதல் கல்யாணம் தீரவே இல்லை. நீ என் தம்பி பெண்டாட்டியே இல்லை, வீட்டைவிட்டு இறங்கு" என்று நின்றார். தான் மனைவிதான் என்று அறிவிக்கக் கேட்டு ஜெயக்கொடி குடும்ப நீதிமன்றத்துக்குப் போக, எதிர்த்தரப்பு ஸ்ரீலட்சுமியின் கட்டுரையை நீட்டியது. வழக்கமே கிடையாது, பேராசிரியரே சொல்லிவிட்டார்.

"அன்னைக்குக் கூட இருந்தவங்க சாட்சி சொல்லலாமே?"

"வரமாட்டேங்கிறாங்க மேடம். கட்டப்பஞ்சாயத்துன்னு போலீஸ் கேசு போட்டுருமோன்னு பயம். நீங்க வேன்ல போனப்பவும் அந்தப் பயந்தான்."

ஸ்ரீலட்சுமிக்கு முகம் சுட்டது. ஆனால் உள்ளே பழைய குறுகுறுப்பும் எழுந்தது. ஜெயக்கொடியின் கல்யாணம் செல்லுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்லகாமன் இப்போது யாரோடு குடியிருக்கிறார் என்று யாராவது கேட்டார்களா?

சனிக்கிழமை, அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கப்பாண்டியோடு பஸ் ஏறினார். நல்லகாமன் வாசலில் மம்பட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார்.

"துரும்பா? எனக்கு ஒண்ணுந் தெரியாது டீச்சர். கோர்ட்டுக்கெல்லாம் நான் வார ஆளில்ல."

"சரிண்ணே, விடுங்க. இப்ப தண்ணி குடுத்துட்டு உள்ள போனாங்களே, அவங்க யாரு?"

"இதென்ன கேள்வி? ஒச்சம்மா. என் சம்சாரம்."

"அது எப்படிண்ணே? நீங்க தீர்த்துவிடலைன்னா, இன்னைக்கும் ஜெயக்கொடிதானே உங்க சம்சாரம்?"

மம்பட்டி தட்டும் சத்தம் நின்றது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றது. ஒச்சம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"அப்ப நான் யாருய்யா? பிள்ளைகளப் பெத்து, ரேஷன் கார்டுல பேரு ஏத்தி, இம்புட்டு வருசம் பொங்கிப் போட்டேனே, நான் யாரு?"

"ஏய், நீ உள்ள போ..."

"போறேன், எங்காத்தா வீட்டுக்கு! தீத்துவிட்டத எங்கண்ணன் நேர்ல நின்னு பாத்துட்டு வந்து சொன்ன பிறகுதான எங்க வீட்டுல பொண்ணே குடுத்தாக. இப்பத் துரும்பே தெரியாதாம்ல!"

"உங்க அண்ணன் எந்த ஊருங்க?" என்றார் ஸ்ரீலட்சுமி மெதுவாக. தங்கப்பாண்டி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் ஸ்ரீலட்சுமி முதலில் கூண்டேறினார். இது நீங்கள் எழுதியதுதானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டுரையைக் காட்டினார். "நான்தான். பயப்படும்படி போய்க் கேட்டேன். பயத்தில் சொன்னதை நம்பி எழுதிவிட்டேன். தப்பு" என்றார். பிறகு ஒச்சம்மாளின் அண்ணன் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். கடைசியில் நல்லகாமன். வெளி பெஞ்சில் ஒச்சம்மாளும் ஜெயக்கொடியும், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தீத்துவிட்டது நெசந்தான் அய்யா. நான்தான் கிள்ளுனேன்" என்றவர், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தா இருக்கிற ரெண்டு பேருக்கும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க."

ஜெயக்கொடி சோலையின் மனைவிதான் என்று தீர்ப்பானது. அன்று படியிறங்கும்போது ஸ்ரீலட்சுமியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஜெயக்கொடி, கிள்ளிப் போட்டாரே, அந்தத் துரும்ப அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"யாரு பாத்தா டீச்சர்? அன்னைக்கே காத்துல போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஜெயக்கொடி சமயநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.